மீட்ட தேதி

பேப்பர் மில்ஸ் ரோட்டில்
கேவல்சந்த் அடகுக்கடைக்கு நான் போனது
ஒரு சனிக்கிழமை, பத்தரை மணி.
பாக்கெட்டில் ஆறாயிரத்து இருநூறு.
ஓவர்டைம் பணம். வட்டிக்கு மட்டும்.
அசலை நினைக்கும் துணிவு
பதினொரு மாதமாக வரவில்லை.

மூன்றரைச் சவரன். சிலுவை கோத்த தாலிச் சங்கிலி.
"கொக்கி தேஞ்சிருக்கு, பத்தவைக்கக் குடுத்துட்டு வரேன்" என்று
எப்சிபாளிடம் வாங்கிப்போனேன்.
கைப்பேசியில் ரம்மி ஆடி
ஒரே வாரத்தில் கரைத்தேன்.
பிறகு பத்தர் ஊருக்குப் போனார்.
பத்தருக்கு டெங்கு வந்தது.
பத்தரின் மாமியார் இறந்தாள்.
இல்லாத ஒரு மனிதரை
இத்தனை பாடுபடுத்தியவன் நானாகத்தான் இருப்பேன்.
அவள் கவரிங் போட்டுக்கொண்டாள்.
கழுத்தில் படை வந்தது.
களிம்பு வாங்கிக்கொடுத்தேன். விலை உயர்ந்த களிம்பு.

சேட் பேரேட்டைப் புரட்டினார். விரல் நின்றது.
"நாலாயிரத்து நூத்திப் பதினேழா? அது முடிஞ்சுபோச்சே சார்."
ஏலமா என்றேன். நாக்கு ஒட்டிக்கொண்டது.
"ஏலம் இல்ல. மீட்டாச்சு."
பேரேட்டை என் பக்கம் திருப்பினார்.
'மீட்ட தேதி' என்ற கட்டத்தில் ஆகஸ்ட் ஒன்பது.
அதையடுத்து
இடப்பக்கம் சாயும் ஒரு கையெழுத்து.
பிள்ளைகளின் ரேங்க் கார்டில் பார்த்துப் பழகிய 'எ'.

ஈபி அட்டைக்குப் பின்னால் செருகிவைத்த ரசீது
எப்போது அவள் கைக்குப் போனது?

பணத்தை மேஜைமேல் வைத்தேன்.
"இந்த மாச வட்டியையாவது வாங்கிக்கோங்க."
அவர் சிரித்தார், ஏளனமில்லாமல்.
"இல்லாத கடனுக்கு எங்க சார் வட்டி?"
வெட்கத்தைவிட்டு வற்புறுத்தினேன்.
பின்னால் நின்ற பெண்
பையிலிருந்து வளையலை எடுத்தபடி
"கொஞ்சம் நவுருங்க" என்றாள்.

என் பெயர் கிருபாகரன்.
ஞானஸ்நானத்தில் வைத்த பெயர்.
கிருபை, கிருபை என்று
ஞாயிறுதோறும் போதகர் சொல்கையில்
நாலாவது பெஞ்சில், மின்விசிறிக்குக் கீழே,
எனக்கு அது
ஒருவகைத் தள்ளுபடியாகத்தான் கேட்டது:
பாதியை நான் கட்டினால்
மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.
கட்டுவதற்கு இடமே இருக்காது என்று
யாரும் சொல்லவில்லை.
சொல்லியிருப்பார்கள்.

29C திரும்பும் இடத்தில்தான்
வண்டி நினைவுக்கு வந்தது.
மூன்று வாரமாக மாடிப்படிக்குக் கீழே
அவளுடைய ஸ்கூட்டி இல்லை.
சர்வீஸுக்கு விட்டிருப்பதாகச் சொன்னாள்.
மெக்கானிக் ஊருக்குப் போய்விட்டான் என்றாள்.
என் பொய்யின் அச்சிலேயே வார்த்திருந்தாள்;
எனக்குத்தான் அடையாளம் தெரியவில்லை.
மயிலாப்பூர் லேப் வரை தினமும்
நின்றுகொண்டே போகிறாள், அந்த முழங்காலோடு.
பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம்.
அது ஒன்றுதான் இலவசம்.
பழைய ஸ்கூட்டிக்கு அவ்வளவு விலை கிடைக்காது.
மீதி எங்கிருந்து வந்ததென்று
இன்றுவரை நான் கேட்கவில்லை.

வீட்டில் சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள்.
சேட் போன் செய்திருக்க வேண்டும்.
கழுத்தில் சங்கிலி,
இன்னும் ஆறாத தடிப்பின் மேல்.
வியர்வையில் ஒட்டிய சிலுவை.
"பத்தர் குடுத்துட்டாரு" என்றாள், நிமிராமல்.
"உடம்பு தேறிட்டாராம்."

புளிக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள்.
கையை விட்டேன்.
பாக்கெட்டில் அந்த ஆறாயிரத்து இருநூறு
தொடையை அழுத்திக்கொண்டிருந்தது.

"எப்சி, பத்தருன்னு ஒருத்தர் இல்ல."

"தெரியும்.
கோது இல்லாம கரை."